அன்பில் கரைவதா, அன்பால் வளர்வதா?



“அவருக்குப் பிடிக்காது.”

நம் பெண்களின் வாயில் அடிக்கடி வரும் வார்த்தைகளில் இதுவும் ஒன்று. கண்டி நகரத்துப் புடவைக் கடை ஒன்றில் கால்மணி நேரம் நின்றால் போதும். ஒரு பெண் பச்சைச் சேலையைத் தொட்டுப் பார்ப்பார், தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்ப்பார், பிறகு “வேணாம், அவருக்குப் பிடிக்காது” என்று மடித்து வைத்துவிடுவார். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பஸ்ஸுக்கு நிற்கும் இளம் பெண்களிடமும் இதே பேச்சுத்தான். சிநேகிதியின் கலியாணத்துக்கு ஏன் வரவில்லை? அவருக்குப் பிடிக்காது. கணினி வகுப்பை ஏன் பாதியில் விட்டாய்? அவருக்குப் பிடிக்காது. முன்பெல்லாம் நன்றாகப் பாடுவாயே, இப்போது ஏன் பாடுவதில்லை? அதற்கும் அதே பதில்.

அன்பு வைத்தவரின் விருப்பு வெறுப்பைப் பார்ப்பது தவறல்ல. அவருக்கு வயிற்றுப் புண் என்றால் கறிக்கு மிளகாய்த் தூளைக் குறைக்கிறோம். அவருக்கு வேலைக் களைப்பு என்றால் வீட்டில் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைக்கிறோம். இதெல்லாம் அன்பின் அழகு. ஆனால் இதே பெண்ணிடம் திருப்பி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். “சரி, உனக்கு என்ன பிடிக்கும்?” பலர் சிரித்து மழுப்புவார்கள். சிலர் யோசிப்பார்கள். யோசித்தும் பதில் வராமல் கண் கலங்கியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தைப் பற்றித்தான் இம்மாதம் உங்களோடு பேச நினைக்கிறேன்.

கண்டியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் தோட்டங்களிலும் நடக்கும் பெண்கள் குழுக் கூட்டங்களில் உட்கார்ந்து கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கிறது. அங்கே கேட்டவற்றில் மூன்றை மட்டும் இங்கே சொல்கிறேன். யாரென்று அடையாளம் தெரியாதபடி ஊரையும் விபரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

மூன்று பெண்கள்

முதலாவது பெண் கடுகண்ணாவைப் பக்கம். உயர்தர வகுப்புக் காலத்தில் தொடங்கிய காதல், இரு வீட்டாரும் ஒத்துக்கொண்டு கலியாணம், இப்போது ஆறு வருடம். கணவர் குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை, சம்பளத்தை வீட்டுக்குக் கொண்டுவருகிறார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “அக்கா, அவர் கெட்டவர் இல்ல. ஆனா நான் எங்க போயிட்டேன்னு எனக்கே தெரியல.” அவரிடம் யாரும் எதையும் பறிக்கவில்லை. அவரே ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்துவிட்டார். முதலில் பாட்டு, பிறகு வாசிப்பு, பிறகு சிநேகிதிகள், கடைசியில் கருத்துச் சொல்வதையே விட்டுவிட்டார். “எதுக்கு வீண் வாக்குவாதம்?” என்பதுதான் அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்ட காரணம்.

இரண்டாவது பெண் பல்கலைக்கழக மாணவி. காதலன் வேறு ஊரில் வேலை செய்கிறான். “என்மேல் நம்பிக்கை இருந்தால் உன் முகநூல் கடவுச்சொல்லைத் தா” என்று ஒரு நாள் கேட்டான். கொடுத்தாள். பிறகு எந்தப் படத்தைப் போடலாம், யாரோடு பேசலாம் என்பதையும் அவனே முடிவு செய்தான். பிறகு எங்கே இருக்கிறாள் என்பதைக் கைத்தொலைபேசியே அவனுக்குக் காட்டும்படி செய்துகொண்டான். விரிவுரை முடிந்து ஐந்து நிமிடம் பிந்தினால் அழைப்பு வரும். அந்தப் பிள்ளை இதை முறைப்பாடாகச் சொல்லவில்லை. “என்மேல அவ்வளவு பாசம்” என்று பெருமையாகத்தான் சொன்னாள். ஆனால் தொலைபேசி மணி அடித்ததும் அவள் முகத்தில் வந்தது மகிழ்ச்சி அல்ல, பதற்றம்.

மூன்றாவது பெண் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். தையல் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய், அங்கே பழகியவரை வீட்டுக்குச் சொல்லாமல் பதிவுத் திருமணம் செய்தார். “இனி இந்த வாசலை மிதிக்காதே” என்று தகப்பனார் சொல்லிவிட்டார். இப்போது சம்பள நாளில் வங்கி அட்டை கணவர் கையில். தாய்க்கு ஒரு சேலை வாங்கிக் கொடுக்கவும் அனுமதி கேட்க வேண்டும். “யாரிடமாவது சொன்னீங்களா?” என்று கேட்டேன். “எப்படிச் சொல்றது? நானே தேடிக்கிட்டதுதானே” என்றார்.

“நானே தேடிக்கொண்டது” என்ற இந்தப் பேச்சை நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பெற்றோர் பார்த்துச் செய்த கலியாணத்தில் குறை வந்தால் பெண் தாய்வீட்டுக்கு வந்து அழலாம். “நீங்கள் பார்த்த மாப்பிள்ளைதானே” என்று கேட்கலாம். தாய்மாமன் வருவார், பெரியவர்கள் கூடிப் பேசுவார்கள். விரும்பிக் கட்டியவளுக்கு அந்த வழி அடைபட்டுவிடுகிறது. அவள் குறை சொன்னால் அது அவளுடைய தெரிவின் மேலேயே சொல்லும் குறையாகிவிடுகிறது. ஆகவே பிடிவாதமாகச் சிரிக்கிறாள். தன் காதல் சரியானது என்று ஊருக்கு நிரூபிப்பதற்காக எதையும் விட்டுக்கொடுக்கிறாள்.

கலியாணத்துக்கு முந்திய காதலிலும் இதே நிலைதான். நம் சமூகத்தில் பெண் பிள்ளையின் காதல் பெரும்பாலும் இரகசியம். அம்மாவுக்குத் தெரியக்கூடாது, அண்ணனுக்குத் தெரியக்கூடாது, சில வேளை உற்ற சிநேகிதிக்கும் தெரியக்கூடாது. இரகசியமாய் இருக்கும் ஒன்றில் ஆலோசனை கேட்க ஆளில்லை. “இது பாசமா, கட்டுப்பாடா?” என்று கேட்கவேண்டிய நேரத்தில், கேட்கக்கூடிய ஒரே ஆள் அந்தக் காதலன்தான். அவன் பாசம் என்றால் அது பாசம்!

பெயர் தொலைந்த ஒரு சீமாட்டி

பெண் தன்னை இழப்பது காதல் கொண்டுவந்த புதுமை அல்ல. அதை முற்காலத்தில் வழக்கமும் சட்டமும் செய்தன. அதற்கு நம் கண்டி மண்ணிலேயே சான்று இருக்கிறது.

எஹெலபொல குமாரிஹாமியின் கதை உங்களில் பலருக்குத் தெரியும். 1814 ஆம் ஆண்டு எஹெலபொல அதிகாரம் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்க மன்னனுக்கு எதிராகத் திரும்பிப் பிரித்தானியரின் பகுதிக்குத் தப்பிச் சென்றார். மனைவியும் பிள்ளைகளும் கண்டியில் மன்னனின் பிடியில் இருந்தார்கள். கணவன் செய்ததற்குத் தண்டனை குடும்பத்தின்மேல் விழுந்தது. தாயின் கண்முன்னே பிள்ளைகள் கொல்லப்பட்டார்கள். தாய் போகம்பர வாவியில் மூழ்கடிக்கப்பட்டார். மறு வருடம் 1815 மார்ச் 2 ஆம் திகதி கண்டி இராச்சியமே பிரித்தானியர் கைக்குப் போய்விட்டது.

அண்ணன் பயந்து ஒதுங்கியபோது தைரியமாக முன்னே வந்ததாகச் சொல்லப்படும் இளைய மகன் மத்தும பண்டாரவின் பெயர் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் தெரியும். தாயின் பெயர்? ‘எஹெலபொல’ என்பது கணவர் வழி வந்த பெயர். ‘குமாரிஹாமி’ என்பது உயர்குடிப் பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல். அந்த அம்மையாரின் சொந்தப் பெயரை நம்மில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? பிறந்த வீடும் சாதாரண வீடல்ல. பின்னர் 1818 கிளர்ச்சியில் பிரித்தானியருக்கு எதிராக நின்ற கெப்பெட்டிபொல திசாவை அவருடைய சகோதரர். அப்படிப்பட்ட ஒரு பெண்ணே கணவனின் பெயருக்குள் மறைந்து, கணவனின் செயலுக்காக உயிரையும் கொடுத்திருக்கிறார். இது காதல் கதை அல்ல. ஆனால் ‘மனைவி என்றால் கணவனின் ஒரு பகுதி’ என்ற எண்ணம் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதை இது காட்டுகிறது.

கண்டியின் பழைய திருமண முறையும் கவனிக்கத்தக்கது. அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று ‘தீக’. பெண் கணவன் வீட்டுக்குப் போவாள். அப்படிப் போனால் தந்தைவழிச் சொத்தில் அவளுடைய உரிமையும் போய்விடும். மற்றது ‘பின்ன’. ஆண் மனைவி வீட்டுக்கு வருவான், பெண்ணின் உரிமை அவளிடமே இருக்கும். பின்ன முறையில் வந்த கணவனைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு: கைத்தடி, தாளிப்பனை ஓலை, தீப்பந்தம் மூன்றையும் அறை வாசலில் எப்போதும் தயாராக வைத்திருக்க வேண்டுமாம். மனைவி போகச் சொன்னால் இரவென்றும் மழையென்றும் பாராமல் கிளம்பவேண்டும் அல்லவா!

சிரிப்பு வந்தாலும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. சொந்த வீடும் சொந்தக் காணியும் சொந்த மனிதர்களும் யார் பக்கம் இல்லையோ அவர்தான் சுருங்கிப்போகிறார். ஆணாக இருந்தாலும் அப்படித்தான். ஆகவே ‘பெண்ணுக்கு இயற்கையாகவே அடங்கிப்போகும் குணம்’ என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். குணத்தைவிட நிலைமைக்கே இதில் பங்கு அதிகம்.

நமது தமிழ்ப் பெண்களின் நிலையும் வேறாக இருக்கவில்லை. யாழ்ப்பாணத்துத் தேசவழமையின் கீழ் வரும் பெண்களுக்கு, 1911 ஆம் ஆண்டின் சட்டம் தம் சொந்தக் காணியை விற்பதற்கும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று விதித்தது. மலையகத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளியவள் பெண், ஆனால் அவளுடைய சம்பளத்தைக் கணவனோ தகப்பனோ கைநீட்டி வாங்குவது நெடுங்கால வழக்கமாக இருந்தது. பிள்ளைப்பேற்றுக் கொடுப்பனவைக்கூட ஆண்கள் வாங்கிய இடங்கள் உண்டு. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளம் என்பதே பெரும் போராட்டத்துக்குப் பிறகு 1984 இல்தான் வந்தது.

இவற்றில் ஒன்றைக் கவனியுங்கள். சட்டமும் வழக்கமும் பறித்தவை கண்ணுக்குத் தெரிந்தன. காணி, சம்பளம், கையொப்பம் என்று பெயர் சொல்லிக் காட்ட முடிந்தது. பெயர் சொல்ல முடிந்ததால் கேட்கவும் முடிந்தது, போராடவும் முடிந்தது. காதலில் நாம் விட்டுக்கொடுப்பதற்கு எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை, கணக்கும் இல்லை. யாரும் கேட்காமலே கொடுக்கிறோம். கொடுத்தது எவ்வளவு என்பதே கொடுத்தவளுக்குத் தெரிவதில்லை. இதுதான் இதிலுள்ள ஆபத்து.

ஏன் இப்படி நடக்கிறது?

சிறு வயதிலிருந்தே நம் பெண் பிள்ளைகளுக்குப் பிறர் முகம் பார்த்து நடக்கப் பழக்குகிறோம். அப்பாவுக்குக் கோபம் வராமல் பேசு, அண்ணனுக்கு முதலில் சோறு போடு, போகிற வீட்டில் நல்ல பெயர் எடு. ‘உனக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்பவர்கள் குறைவு. இப்படி வளர்ந்த பிள்ளையிடம் ஒருவன் வந்து, “சாப்பிட்டாயா? ஏன் முகம் வாடியிருக்கிறது?” என்று கேட்கிறான். வாழ்க்கையில் முதல் முறையாக ஒருவர் தன்னைக் கவனித்துப் பார்த்ததாக அவள் உணர்கிறாள். அந்தப் பார்வையை இழந்துவிடக்கூடாது என்ற பயம் அன்றே தொடங்கிவிடுகிறது. அவன் விரும்பும் நிறம், அவன் விரும்பும் பேச்சு, அவன் விரும்பும் மௌனம் என்று தன்னை மாற்றிக்கொண்டே போகிறாள். கடைசியில் அவன் எந்தப் பெண்ணை விரும்பினானோ அந்தப் பெண்ணே அங்கு இல்லை!

பிரான்ஸ் நாட்டுச் சிந்தனையாளர் சிமோன் த போவ்வார் 1949 இல் வெளியிட்ட ‘இரண்டாம் பால்’ என்ற நூலில், காதலிக்கும் பெண்ணைப் பற்றி ஒரு தனி அத்தியாயமே எழுதினார். வேறு வழிகள் அடைபட்ட பெண், காதலையே ஒரு மதமாக்கிக் காதலனைத் தெய்வமாக்கிக்கொள்கிறாள் என்பது அவருடைய கருத்து. இருவரும் ஒருவரையொருவர் சுதந்திரமான மனிதர்களாக ஏற்றுக்கொண்டால்தான் உண்மைக் காதல் சாத்தியம் என்றும் சொன்னார். ‘கல்லானாலும் கணவன்’ என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமான விடயம் அல்ல.

விட்டுக்கொடுப்பதும் விட்டுப்போவதும்

அப்படியானால் குடும்பத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாதா என்று கேட்பீர்கள். விட்டுக்கொடுக்காமல் எந்த உறவும் நிலைக்காது. ஆனால் விட்டுக்கொடுப்பது வேறு, தன்னை விட்டே போவது வேறு. இரண்டையும் பிரித்தறிய மூன்று கேள்விகள் உதவும்.

ஒன்று: இருவருமா மாறுகிறோம், ஒருவர் மட்டுமா? நான் மாமிச உணவைக் குறைத்தேன், அவர் சிகரெட்டைக் குறைத்தார் என்றால் அது வாழ்க்கை. ஆறு வருடமும் நான் மட்டுமே குறைத்துக்கொண்டு வந்தேன் என்றால் நின்று யோசிக்க வேண்டும்.

இரண்டு: ‘முடியாது’ என்று என்னால் சொல்ல முடிகிறதா? சொன்னால் என்ன நடக்கிறது? சிறிது மனஸ்தாபம் வந்து மாலையில் தேநீரோடு தீர்ந்தால் பயமில்லை. ஒரு ‘முடியாது’க்கு நாலு நாள் பேசாமல் இருப்பது, ‘செத்துப்போவேன்’ என்று மிரட்டுவது, படங்களை வெளியிடுவேன் என்பது, பொருட்களை எறிவது என்றால் அங்கே இருப்பது பாசம் அல்ல.

மூன்று: இந்த உறவுக்கு வெளியே எனக்கு என்ன இருக்கிறது? என்னைத் தேடும் இரண்டு மனிதர்கள், நானே தீர்மானிக்கும் சிறிது பணம், எனக்கென்று ஒரு வேலையோ விருப்பமோ இருக்கின்றனவா? எதுவுமே இல்லை என்றால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நான் ஒற்றைத் தூணில் நிற்கும் வீடு.

ஒருவரோடு ஒருவராக வாழ்ந்து, ஒரே வேலையில் தோள் கொடுத்து, அதே வேளை தன் குரலையும் இழக்காமல் இருக்க முடியுமா? முடியும் என்பதற்கு நம் மலையகத்திலேயே ஒருவர் இருக்கிறார். தோட்டத் தொழிலாளருக்காக முதன்முதலில் அமைப்பு ரீதியாகக் குரல் கொடுத்த கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள். கணவரின் பத்திரிகைப் பணியிலும் தொழிற்சங்கப் பணியிலும் கூடவே நின்றார். கூட்டங்களில், மக்களுக்குத் தெரிந்த மெட்டுக்களில் தாமே கட்டிய பாடல்களைப் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். 1940 இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற பாடல் நூல் அவருடைய பெயரிலேயே வெளிவந்தது. இன்று மலையகப் பெண்களின் எழுத்தைப் பற்றிப் பேச வருபவர்கள் அவரிடமிருந்துதான் தொடங்குகிறார்கள். பெண்கள் மேடையேறுவதே அரிதான காலம் அது. கணவரின் இலட்சியத்தைத் தமதாக்கிக்கொண்டார், ஆனால் அதைத் தம் சொந்தக் குரலில் பாடினார். எஹெலபொல குமாரிஹாமிக்குக் காலம் தராத பெயர், மீனாட்சியம்மாளுக்கு அவர் எழுதியதால் கிடைத்தது.

நாம் என்ன செய்யலாம்?

பெரிய புரட்சி ஒன்றும் வேண்டாம். சின்னச் சின்னதாக இழந்ததைச் சின்னச் சின்னதாகவே மீட்கலாம்.

முதலில், உங்களுக்கென்று ஒரு விருப்பத்தைத் திரும்பப் பிடியுங்கள். கிழமைக்கு ஒரு மணித்தியாலம் போதும். பாட்டு, தையல், வாசிப்பு, வீட்டுத் தோட்டம், கோயில் கூட்டுப் பிரார்த்தனை எதுவாகவும் இருக்கலாம். யாருக்கும் பயன்படாவிட்டாலும் பரவாயில்லை. அது உங்களுக்குப் பிடிக்கிறது என்பதே போதுமான காரணம்.

இரண்டாவது, விட்டுப்போன ஒரு சிநேகிதியைத் தேடுங்கள். ‘இத்தனை வருடம் பேசாமல் இருந்துவிட்டு இப்போது எப்படி?’ என்று கூச்சப்படவேண்டாம். பெரும்பாலும் அந்தப் பக்கத்திலும் ஒருத்தி காத்திருப்பாள்.

மூன்றாவது, பணம். உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு இருக்கட்டும். வங்கிப் புத்தகமும் அட்டையும் அதன் இரகசிய எண்ணும் உங்களிடம் இருக்கட்டும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கல்விச் சான்றிதழ்கள், ஊழியர் சேமலாப நிதி ஆவணங்கள் எங்கே இருக்கின்றன என்பதைத் தெரிந்து வைத்திருங்கள். குடும்பச் செலவைச் சேர்ந்து பார்ப்பது நல்லதுதான். அதற்காகத் தன் உழைப்பின் கணக்கே தனக்குத் தெரியாமல் இருக்கவேண்டியதில்லை.

நான்காவது, இளம் பிள்ளைகளுக்கு. கடவுச்சொல் காதலின் சான்று அல்ல. நம்பிக்கை உள்ளவன் அதைக் கேட்கமாட்டான், கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் அவனுக்கு இல்லை. உன் சிநேகிதிகளை, உன் படிப்பை, உன் தாயை ஒவ்வொருவராகக் குறை சொல்லி உன்னைத் தனிமைப்படுத்துபவன், நாளைக்கு உன்னிடமே குறை சொல்ல வரும்போது உன் பக்கம் நிற்க ஆளிருக்காது.

ஐந்தாவது, பேசுங்கள். கணவர் நல்லவர் என்றால் பேசினால் புரிந்துகொள்வார். “நீங்கள் என்னை மாற்றிவிட்டீர்கள்” என்று தொடங்கினால் சண்டைதான் வரும். “எனக்குத் திரும்பவும் பாட ஆசையாக இருக்கிறது” என்று தொடங்கிப் பாருங்கள். நான் முதலில் சொன்ன பெண் அப்படித்தான் தொடங்கினார். கணவருக்கு ஆச்சரியம். “நீயேதானே விட்டாய், உனக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன்” என்றாராம். ஒரு காலத்தில் ‘எல்லாருக்கும் முன்னால் பாடவேண்டுமா?’ என்று கேட்டது அவருக்கு நினைவிலேயே இல்லை. ஒரு வரிப் பேச்சுக்காக ஆறு வருட மௌனம்! எல்லா வீடுகளிலும் இப்படிச் சுலபமாக முடியும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேட்டுப் பார்க்காமலே தோற்க வேண்டாம்.

பேச்சு உதவாத இடங்களும் உண்டு

பாசம் என்ற பெயரில் காவல், மிரட்டல், அவமானம், பணத்தைப் பிடித்துவைத்தல் என்று போகும்போது அது இருவருக்கும் இடையிலுள்ள மனஸ்தாபம் அல்ல, வன்முறை. அடி விழவில்லை என்பதற்காக வன்முறை இல்லை என்றாகிவிடாது. இங்கிலாந்தில் 2015 இல் நிறைவேறிய சட்டம், துணைவரைத் தொடர்ந்து கட்டுப்படுத்தி அடக்கி வைப்பதையே தனிக் குற்றமாக்கியது. நம் நாட்டில் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. உடலுக்கு மட்டுமல்ல, கொடூரமாகவும் இழிவுபடுத்தும் விதமாகவும் தொடர்ந்து நடந்து மனத்துக்குச் செய்யும் கடும் துன்பத்தையும் அது வன்முறையாகக் கொள்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பித்து, முதலில் இடைக்காலக் கட்டளையும் பிறகு 12 மாதம் வரையிலான பாதுகாப்புக் கட்டளையும் பெறலாம். கணவன், முன்னாள் கணவன், சேர்ந்து வாழும் துணைவர் ஆகியோர் இதில் அடங்குவர். சேர்ந்து வாழாத காதலன் இதற்குள் வரமாட்டான். ஆனால் அவன் மிரட்டினாலோ படங்களைக் காட்டிப் பயமுறுத்தினாலோ பொலிஸில் முறையிட முடியும்.

உடனே சட்டத்துக்குப் போக மனம் வராதவர்கள் முதலில் யாரிடமாவது பேசலாம். 1938 என்பது அரசாங்கத்தின் மகளிர் உதவித் தொலைபேசி இலக்கம். பல அரசாங்க வைத்தியசாலைகளில் சிங்களத்தில் ‘மிதுரு பியச’ என்றும் தமிழில் ‘நட்பு நிலையம்’ என்றும் அழைக்கப்படும் நிலையங்கள் இருக்கின்றன. அங்கே இரகசியம் காத்து உங்கள் பிரச்சினையைக் கேட்பார்கள். பிரதேச செயலகங்களிலும் பெண்கள் விடயங்களுக்கும் உளவளத்துணைக்கும் பொறுப்பான உத்தியோகத்தர்கள் உண்டு. மனத்தாங்கலைச் சொல்ல வருவது குடும்பத்தைக் காட்டிக்கொடுப்பது அல்ல. காய்ச்சலுக்கு மருந்து எடுப்பதுபோலத்தான் இதுவும்.

தாய்மாருக்கு ஒரு வேண்டுகோள்

மகள் சொல்லாமல் போய்க் கலியாணம் கட்டினால் பெற்ற வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் ‘இந்த வாசலை மிதிக்காதே’ என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அந்த ஒரு சொல்லால் மகளை முழுவதுமாக இன்னொருவர் கையில் ஒப்படைத்துவிடுகிறீர்கள். அவள் போவதற்கு வேறு இடமில்லை என்பது அந்த மனிதருக்கும் தெரிந்துவிடுகிறது. நல்லவராக இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லாவிட்டால்? கோபத்தை வைத்துக்கொள்ளுங்கள், கதவை மட்டும் அடைக்காதீர்கள். புசல்லாவைப் பெண்ணின் தாய் இப்போது தகப்பனுக்குத் தெரியாமல் கிழமைக்கொரு முறை மகளோடு தொலைபேசியில் பேசுகிறார். பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை. ஆனால் போன மாதம் அந்தப் பெண் வங்கிக்குப் போய்த் தன் பெயரில் இன்னொரு கணக்குத் தொடங்கியிருக்கிறார்.

மகள்மார் காதலிக்கிறார்கள் என்று தெரிந்தால் அடிப்பதற்கும் வகுப்பை நிறுத்துவதற்கும் முன்னால், “அந்தப் பிள்ளை உன்னை எப்படி நடத்துகிறான்?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். அந்தக் கேள்வியை வேறு யாரும் அவளிடம் கேட்கப்போவதில்லை.

இந்தப் பக்கத்தை வாசிக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மனைவி எல்லாவற்றுக்கும் ‘உங்களுக்கு எப்படிப் பிடிக்குமோ அப்படி’ என்று சொல்கிறாரா? அதைப் பாக்கியம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு காலத்தில் உங்களோடு சிரித்து, வாதாடி, கோபித்துக்கொண்ட பெண் எங்கே போனார் என்று தேடிப் பாருங்கள். ‘உனக்கு என்ன பிடிக்கும்?’ என்று கேட்டு, பதில் வரும்வரை பொறுமையாக இருங்கள்.

சகோதரிகளே, இம்மாதம் உங்களுக்கு ஒரு சிறு வேலை தருகிறேன். ஒரு கொப்பித் தாளை எடுத்து, உங்களுக்கு உண்மையாகவே பிடித்த பத்து விடயங்களை எழுதுங்கள். பிள்ளைகளுக்குப் பிடித்தது, அவருக்குப் பிடித்தது எதுவும் அதில் வரக்கூடாது. ஐந்தோடு நின்றுவிட்டால் கவலைப்பட வேண்டாம். தாளை மடித்து அலுமாரியில் வையுங்கள். அடுத்த கிழமை ஆறாவதை எழுதலாம்.